டப்ளூன் வாங்கப் போகும் துபாய்க்காரருக்குச் சில யோசனைகள்

வளைகுடாவில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்ட மனிதருக்கு ஒருநாள் திடீரென்று ஒரு ஆசை முளைக்கும். ஊரில் வீடு கட்டியாயிற்று. தங்கச்சி கல்யாணக் கடன் அடைந்தாயிற்று. கையில் ராடோ வாட்ச் ஏறிவிட்டது. இனி நாமும் கலெக்டர் ஆகிவிடலாம் என்று தோன்றும். மாவட்டத்துக்கு அல்ல, ஏதாவது ஒரு பொருளுக்கு. தபால் தலை சின்னப் பிள்ளை விளையாட்டு. ஓவியம் வாங்கினால் மாட்டுவதற்குப் பெட் ஸ்பேஸில் சுவர் கிடையாது. மேல் கட்டில்காரரின் கால்தான் உண்டு. மிச்சம் இருப்பது பழைய காசு. அதிலும் லீவு நாள் முழுக்கக் கடலடிப் புதையல் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியவர் என்றால், ஸ்பானியர்கள் மெக்சிகோவிலும் பெருவிலும் அடித்த தங்கக்காசுதான் வேண்டும் என்று மனசு அடம் பிடிக்கும். அப்படி அடம் பிடிப்பவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எடையைத் தெரிந்துகொண்டு, உடனே மறந்துவிடுங்கள். கடற்கொள்ளைக் கதைகளில் டப்ளூன் என்று வருகிற 8 எஸ்குடோ காசு ஏறக்குறைய 27 கிராம். நம் கணக்கில் மூன்றேகால் பவுனுக்கும் கொஞ்சம் மேலே. இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. வீட்டில் யாராவது ஒருவர் ‘மூணேகால் பவுனாமே’ என்று சொல்லிவிட்டால் போதும், அன்றோடு அது காசு இல்லை. யாருடைய கழுத்திலோ, எந்த வங்கியின் நகைக்கடன் உறையிலோ ஏறக் காத்திருக்கிற தங்கம்.

பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்பக் கூடாது. 1700-ஐ ஒட்டிய வருடங்களில் லீமாவில் அடித்த காசு வட்டமாகவே இருக்காது. தங்கத்தைத் தகடாகத் தட்டி, துண்டு போட்டு, எடை சரியாகும்வரை ஓரத்தைக் கத்தரித்து, இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்துச் சம்மட்டியால் ஒரு போடு. ஒரு பக்கம் சிலுவை, அதன் நான்கு மூலையிலும் கோட்டையும் சிங்கமும். மறுபக்கம் கடல் அலைமேல் நிற்கும் இரண்டு தூண்கள். தூண்களுக்கிடையே மூன்று வரி: மேலே லீமாவைக் குறிக்கும் எல், மதிப்பைக் குறிக்கும் எட்டு, மாற்றுப் பார்த்தவரின் பெயரில் ஓர் எழுத்து, நடுவில் பி, வி, ஏ, கீழே வருடத்தின் கடைசி மூன்று இலக்கம். சுற்றி எழுதிய மன்னரின் பெயர் பெரும்பாலும் ஓரத்தோடு சேர்ந்து வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அக்காவிடம் காட்டினால், ‘தம்பி, வட்டமாக்கூட இல்லையேடா, கடையில மாத்திக் குடுன்னு கேளு’ என்பாள். ஒழுங்கான வட்டம்தான் வேண்டும் என்றால் 1732-க்குப் பிறகு மெக்சிகோவில் இயந்திரத்தில் அடித்த காசைப் பாருங்கள். அதில் மன்னர் விக் வைத்துக்கொண்டு லட்சணமாக இருப்பார். என்னைக் கேட்டால் கோணல் காசுதான் அழகு. அடித்தவனின் அவசரம் அதில் தெரிகிறது.

மாற்று விஷயத்தில் ஒரு சூட்சுமம். ஆரம்பத்தில் இந்தக் காசு 22 காரட். மூன்றாம் கார்லோஸ் மன்னர் 1772-இல் சத்தமில்லாமல் கொஞ்சம் குறைத்தார். 1786-இல் மறுபடியும் சத்தமில்லாமல் 21 காரட்டுக்கு இறக்கினார். எடையில் கை வைக்கவில்லை, மாற்றில் மட்டும் வைத்தார். நம்மூர் நகைக்கடையில் இதற்குச் சேதாரம் என்று பெயராவது சொல்லிவிட்டு எடுப்பார்கள். ஆனால் 21 காரட் என்பது அரபுக் குடும்பங்கள் விரும்பி வாங்குகிற மாற்று. ஆகவே 1786-க்குப் பிந்தைய டப்ளூனைப் பார்த்து முகம் சுளிக்க வளைகுடாவில் யாரும் இல்லை, உங்கள் மாமியாரைத் தவிர.

எங்கே வாங்குவது? தேரா கோல்டு சூக்கில் போய் ‘ஸ்பானிஷ் காசு இருக்கா’ என்று கேட்காதீர்கள். இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அதுதான் சிக்கல். லட்சுமி போட்ட எட்டு கிராம் காசு வரும், சுவிஸ் பிஸ்கட் வரும், எலிசபெத் ராணி தலை போட்ட சவரன் வரும், கரக் சாயாவும் வரும். நீங்களே ஒரு டப்ளூனை எடுத்துக்கொண்டு போய் மதிப்புக் கேட்டால் இன்னும் மோசம். கடைக்காரர் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தராசில் வைத்துவிடுவார். 27.02 என்று எண் நிற்கும். அப்புறம் காரட் பார்க்கும் மெஷினுக்குள் போகும். அப்புறம் கால்குலேட்டரில் அன்றைய ரேட்டைத் தட்டிப் பெருக்கி, அதை அப்படியே உங்கள் பக்கம் திருப்புவார். லீமா, சிலுவை, மூன்று நூற்றாண்டு, எதுவும் அந்தத் திரையில் இருக்காது. ‘இது பழைய காசு சேட்டா’ என்று நீங்கள் இழுத்தால், ‘பழசுதான். அதனால உருக்குக் கழிவு போகும்’ என்பார்.

அவர்மேல் கோபப்படாதீர்கள். இந்தக் கரையில் காசைப் பார்க்கிற முறையே அதுதான். சவூதியில் எண்ணெய் தோண்ட கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி 1933 மே 29-இல் கையெழுத்துப் போட்டபோது, முன்பணம் தங்கமாக வேண்டும் என்பது பேச்சு. லண்டனிலிருந்து 35,000 சவரன் கப்பலேறி ஜித்தாவுக்கு வந்தது. ஆகஸ்ட் 25-ஆம் தேதி அங்கிருந்த டச்சு வங்கிக் கிளையில், நிதியமைச்சர் அப்துல்லா சுலைமான் உட்கார்ந்து பார்க்க, ஒவ்வொரு காசாக எண்ணி ஒப்படைத்தார்கள். எல்லாம் சேர்த்து 280 கிலோ. அதில் எந்த வருடக் காசு அபூர்வம், எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று யாராவது கேட்டிருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்?

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் அருமை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சவூதிக்குக் கொடுக்கச் சவரன் கிடைப்பது கஷ்டமாகி, கிடைத்தாலும் தங்க விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கர்கள் பார்த்தார்கள். இவர்களுக்கு வேண்டியது ராஜா தலை இல்லை, எடைதானே என்று 1945-இல் பிலடெல்பியா நாணயச் சாலையில் 91,210 தங்க வில்லைகளை அடித்து, சவூதியில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த அராம்கோ கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் கழுகு. மறுபக்கம் மொத்த எடை இவ்வளவு, மாற்று 916⅔, நிகர எடை இவ்வளவு என்று மூன்று வரி. மதிப்பு போடவில்லை, வருடமும் போடவில்லை. ஒரு வில்லை சரியாக நாலு சவரன் எடை. 1947-இல் ஒரு சவரன் எடையிலும் ஒரு லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். உலகத்திலேயே என் அம்மா வடிவமைத்திருக்கக்கூடிய ஒரே காசு இதுதான்: தங்கம் எவ்வளவு, மாற்று என்ன, வேறு வெட்டிப்பேச்சு வேண்டாம். இப்படி எடைக்காகவே பிறந்த வில்லைகள் எடைக்காகவே செத்தும் போயின. பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டன. தப்பிப் பிழைத்ததை இன்று ஏலத்தில் தங்க விலைக்கு மேல் பணம் கொடுத்து வாங்குகிறார்கள்.

அபூர்வக் காசு என்று நீங்கள் துரத்துகிற எல்லாமே இப்படி மூசையில் விழாமல் தப்பியதுதான். அந்தக் காலத்தில் லட்சக்கணக்கில் அடித்தார்கள்; உருக்கியது போக உங்களுக்கு மிச்சம். கடலில் முழுகியது தப்பித்தது. ஹவானாவிலிருந்து கிளம்பிய ஸ்பானியக் கப்பல் கூட்டத்தில் 11 கப்பல்கள் 1715 ஜூலை 31-இல் புளோரிடா கரையோரம் புயலில் போயின. அந்தக் காசுகள் இன்றும் அலையோடு வந்து ஒதுங்குகின்றன. கொலம்பியாவின் கார்த்தஹேனாவுக்கு அருகில் 1708-இல் மூழ்கிய சான் ஹோசே கப்பல் 2015-இல் அகப்பட்டது. கொலம்பியா, ஸ்பெயின், ஓர் அமெரிக்கக் கம்பெனி, பொலிவியாவின் காரா காரா பழங்குடியினர் என்று நாலு பேர் உரிமை கோருகிறார்கள். நீங்கள் ஐந்தாவதாகப் போய் நிற்க வேண்டாம். விசா கிடைப்பதற்குள் லீவு முடிந்துவிடும்.

அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்திலேயே முங்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். தோன்ற வேண்டும். ஓமானின் தோஃபார் கடற்கரைக்கு அப்பால் ஹல்லானியா தீவில் 1503-இல் இரண்டு கப்பல்கள் மூழ்கின. ஸ்பானியர் அல்ல, பக்கத்து வீட்டுப் போர்ச்சுக்கீசியர். வாஸ்கோ ட காமாவின் தாய்மாமன்மார் விசெந்தே சொத்ரே, பிராஸ் சொத்ரே இருவருடையதும். கொச்சியிலும் கண்ணூரிலும் இருந்த பண்டகசாலைகளைக் காவல் காக்கச் சொல்லி மருமகன் விட்டுப்போனார். மாமன்மார் காவலை விட்டுவிட்டு அரபுக் கப்பல்களைக் கொள்ளையடிக்க இந்தப் பக்கம் வந்தார்கள். வடகாற்று வரும், இங்கே நங்கூரம் போடாதீர்கள் என்று உள்ளூர் மீனவர்கள் எச்சரித்தார்கள். எங்கள் நங்கூரம் எப்பேர்ப்பட்டது தெரியுமா என்று இருந்துவிட்டார்கள். ஓமான் அரசும் மூழ்கிய கப்பல்களைத் தேடும் டேவிட் மெர்ன்ஸின் குழுவும் 2013 முதல் அகழ்ந்து, 2016-இல் அறிவித்த பொருள்களில் 1498 என்று எழுதிய மணி, 12 தங்கக் குருசாதோ காசு, உலகில் ஒன்றிரண்டே மிஞ்சிய ‘இந்தியோ’ வெள்ளிக்காசு எல்லாம் இருந்தன. மொத்தமும் ஓமான் அரசுக்கு. மீன் பிடிக்கப் போகிறேன் என்று தூண்டிலோடு போய்க் காசோடு திரும்பினால் உங்களுக்குக் கிடைக்கப்போவது வேறு வகைக் காவல். நம்மூரிலும் அப்படித்தான். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் தோண்டியபோது ஒரு செம்பு நிறையத் தங்கக்காசு, 504 சின்னது, ஒன்று பெரியது, 1.716 கிலோ. எடுத்தவர்கள் எண்ணிப் பார்த்த சந்தோஷத்தோடு சரி.

ஆகவே ஏலம்தான் வழி. லண்டன், மாட்ரிட், நியூயார்க் ஏலங்களில் கணினியிலேயே கை தூக்கலாம். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் சோதித்துப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த காசாக மட்டும் வாங்குங்கள். பெட்டியைத் திறக்க முடியாது என்பது அதன் பெரிய குணம்; மச்சான் பல்லால் கடித்துப் பார்க்க வழியில்லை. எமிரேட்டுக்குள் கொண்டுவரும்போது இன்னொரு வேடிக்கை: 99 சதவீதச் சுத்தத் தங்கத்துக்கு வாட் வரி கிடையாது. டப்ளூன் அந்தச் சுத்தத்தை எட்டாது. அதற்கு 5 சதவீதம் கட்டத் தயாராக இருங்கள். கார்லோஸ் மன்னர் மாற்றைக் குறைத்ததற்கு நீங்கள் வரி கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போலி பற்றி நாலு வார்த்தை. மஸ்கட்டில் மத்ரா சூக்குக்குப் போனால் பெரிய வெள்ளிக்காசு ஒன்றை நீட்டுவார்கள்: மார்பு நிறைந்த மகாராணி, 1780 என்று வருடம். ஆஸ்திரியாவின் மரியா தெரசா. இருநூற்று நாற்பது வருடத்துப் பழசு என்று துள்ளாதீர்கள். அந்த அம்மாள் 1780-இல் காலமானார். ஆனால் அரபு நாடுகளில் அந்தக் காசுதான் செல்லும் என்பதால் அதே வருடத்தைப் போட்டே வியன்னா முதல் பம்பாய்வரை பல ஊர்களில் இருபதாம் நூற்றாண்டுவரை அடித்துக்கொண்டிருந்தார்கள். போலியும் இல்லை, பழசும் இல்லை. சவரனிலோ இதைவிடக் கூத்து. 1950-களில் மிலானிலும் பெய்ரூட்டிலும் பட்டறை போட்டு, சரியான எடையில் சரியான மாற்றில், அசல் தங்கத்திலேயே போலிச் சவரன் அடித்தார்கள். அசல் காசுக்குத் தங்க விலைக்கு மேல் கிடைத்ததால் அதிலும் லாபம். இதைச் சமாளிக்கவே பிரிட்டன் 1957-இல் மறுபடி சவரன் அடிக்க ஆரம்பித்தது. டப்ளூனுக்குப் பிளாட்டினத்தில் போலி உண்டு. கொலம்பியாவில் கிடைத்த பிளாட்டினம் அன்று யாருக்கும் வேண்டாத உலோகம். ஆற்றில் கொட்டச் சொல்லி ஸ்பானிய அரசே உத்தரவு போட்டது. அதில் காசு அடித்துத் தங்க முலாம் பூசினால் எடையிலும் கனத்திலும் கைக்கு வித்தியாசம் தெரியாது. இன்று அந்தப் போலிகளையும் தேடிச் சேர்க்கிறார்கள். அதனால் போலி வாங்கிவிட்டோம் என்று தெரிந்தால் பதறாதீர்கள், எவ்வளவு பழைய போலி என்று கேளுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோகலாமா? கூடாது. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, அனுபவஸ்தர்களுக்கும் வராது. ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்குத் தீர்வையில்லாமல் நகை ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம். நகைக்குத்தான், காசுக்கு இல்லை. திருச்சி ஏர்போர்ட்டில் டப்ளூனை எடுத்து மேசைமேல் வைத்தால் அங்கேயும் தராசுதான். முறையாகச் சொல்லி, தீர்வை கட்டி உள்ளே கொண்டுபோய்விட்டீர்கள் என்றே வையுங்கள். நூறு வருடம் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். இந்தியாவைவிட்டுத் திரும்ப வெளியே எடுத்துப்போக உங்களுக்கு உரிமை இல்லை. லீவு முடிந்து நீங்கள் திரும்பலாம். காசுக்கு அது ஃபைனல் எக்ஸிட்.

இந்தத் தடைகளையெல்லாம் தாண்டிவிடலாம். வீட்டுக்காரம்மாவைத் தாண்டுவதுதான் கடினம். காசு என்றால் நம் வீட்டில் காசுமாலை. ‘ஏங்க, கொக்கி இல்லாம எப்படிங்க கோக்கிறது?’ என்ற கேள்வி எப்படியும் வரும். ஊரில் தெரிந்த ஆசாரி ஒருவர் எப்படியும் இருப்பார். சின்னதாக ஒரு வளையம் பற்றவைத்துத் தருவார். அந்தப் பொட்டுப் பற்றுதான் காசுக்குக் கொள்ளி. பிறகு வளையத்தை எடுத்து, தடம் தெரியாமல் மெருகு போட்டாலும், பூதக்கண்ணாடியில் ஓரத்தில் ஒரு பளபளப்பு நின்று காட்டிக்கொடுக்கும்; விலை சரிந்துவிடும். இது தமிழர் குணம் மட்டும் அல்ல. அரபுக் கல்யாண நகைகளிலும் சவரன் தொங்குகிறது. ஆகவே வளைகுடாவில் கைமாறும் பழங்காசில் மேல்விளிம்பை முதலில் பாருங்கள், மன்னர் முகத்தை அப்புறம் பார்க்கலாம். வீட்டுக்கு ஒரு யோசனை: டப்ளூனோடு கூடவே அதே எடைக்கு ஒரு சங்கிலியும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். செலவு இரட்டிப்பாகும், ஆனால் உங்கள் காசை யாரும் தொட மாட்டார்கள்.

இவ்வளவுக்கும் தெம்பு இல்லாதவருக்குச் சின்னதாகத் தொடங்க வழி உண்டு. 1918-ஆம் ஆண்டுச் சவரனைத் தேடுங்கள். முதல் உலகப் போரில் லண்டனிலிருந்து தங்கம் அனுப்புவது ஆபத்து என்று பம்பாயிலேயே நாணயச் சாலைக் கிளை திறந்து அந்த ஒரு வருடத் தேதியில் மட்டும் 12,95,372 சவரன் அடித்தார்கள். குதிரைக் குளம்புக்குக் கீழே, வருடத்துக்குச் சற்று மேலே தரையில் ‘ஐ’ என்று பொடி எழுத்து இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். கடைக்காரர் பார்க்கவே மாட்டார், அவருக்கு அது 7.98 கிராம்.

தங்கமே வேண்டாம், உருக்க முடியாததாக ஏதாவது வேண்டும் என்றால் வளைகுடா ரூபாய். துபாயிலிருந்து படகில் பத்து தோலா தங்க பிஸ்கட்டுகள் பம்பாய்க்குக் கடத்தலாகப் போய்க்கொண்டிருந்த காலம். பனைக்குளத்தில் பிறந்த ஹாஜி மஸ்தான் பெயர் எடுத்த தொழில். தங்கம் உள்ளே வர, இந்திய ரூபாய் நோட்டு வெளியே போக, இங்கே வங்கிகள் அதை ஸ்டெர்லிங்காக மாற்றித் தரும்படி ரிசர்வ் வங்கியிடம் கேட்டன. அன்னியச் செலாவணி கரைந்தது. 1959-இல் வளைகுடாவில் மட்டும் செல்லும் தனி நோட்டை இந்தியா அச்சடித்தது: அதே அசோகத் தூண், வேறு நிறம், எண்ணுக்கு முன்னால் ‘இசட்’. குவைத் 1961-இல் கைவிட்டது, பஹ்ரைன் 1965-இல், துபாயும் கத்தாரும் 1966-இல். ஓமான் 1970 வரை வைத்திருந்தது. திரும்பி வந்த நோட்டெல்லாம் ஒழிந்தன, தப்பியது அபூர்வம். எந்த ஆசாரியும் கொக்கி வைக்க முடியாத சேகரிப்பு இது ஒன்றுதான்.

ஸ்பெயின் ஆசை அப்படியும் விடவில்லையா? வெள்ளியில் ஒன்று இருக்கிறது. 1807-08 வாக்கில் மதராஸ் நாணயச் சாலை, கப்பலில் வந்து குவிந்த ஸ்பானிய டாலர்கள்மேலேயே தன் அச்சைப் போட்டு அடித்தது. அரை வராகன் காசு அது: ஒரு பக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவே கோபுரம், மறுபக்கம் பெருமாள், சுற்றித் தமிழும் தெலுங்கும். அச்சு ஆழமாக விழாத காசில் கோபுரத்துக்கு அடியிலிருந்து ஸ்பானிய மன்னர் பெயரின் எழுத்துகள் எட்டிப் பார்க்கும். லீமாவையும் மெக்சிகோவையும் மயிலாப்பூரையும் ஒரே காசில் வாங்க வேறு வழி கிடையாது. டப்ளூனைவிட இது மலிவு. நான் டப்ளூனைவிட இதைத்தான் மதிப்பேன்.

எது வாங்கினாலும் ஒரு துண்டுத் தாள் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். என்ன காசு, எந்த ஊர், எந்த வருடம், விற்பதானால் யாரிடம் கேட்பது, தயவுசெய்து உருக்காதே என்பது. விலையையும் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்கள். திர்ஹத்தில் எழுதுங்கள். வீட்டில் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து முடிப்பதற்குள் நீங்கள் கொஞ்ச தூரம் போய்விடலாம்.